கட்டறுந்தது போக மிச்சம்

ஆலடிக்கரையில் வெளிச்சம் இறங்குவதைப் பற்றி வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்கும்போதெல்லாம் ஊர்க்காரர்களுக்குச் சலிப்பாகத்தான் இருக்கும், ஏனென்றால் அவர்களுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை வருகிற குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைக்கிற கவலை இருந்தது, நூல் மில்லில் சங்கு ஊதுவதற்குள் கேட்டுக்குள் போகிற கவலை இருந்தது, இதற்கு நடுவில் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ தடவை நரிக்கணவாயிலிருந்து ஒரு பொட்டு வெளிச்சம் இறங்கி வந்து இரண்டு பேரைக் கிளப்பிக்கொண்டு போவதும் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான். எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கும் அது. பட்டப்பகலில்தான் வரும். கணவாயின் இடுக்கில் மூன்று நாள் அசையாமல் நிற்கும், நாலாம் நாள் இறங்கி, பால்காரர் நடக்கிற வேகத்தில் தெருவோடு வந்து, முக்குகளில் ஒழுங்காகத் திரும்பி, இரண்டு பேர் ஒன்றையே கட்டிக்கொண்டு அழுகிற வீடு எது என்று எப்படியோ கண்டுபிடித்து உள்ளே போய்விடும். நாய்கூட அதைப் பார்த்துக் குரைத்ததில்லை.

உள்ளே போனால் இரண்டு பேரில் ஒருவர்மேல்தான் படும். பட்ட மாத்திரத்தில் முழுசும் அவருக்குள் போய்விடும், சுவரிலோ தரையிலோ ஒரு துணுக்குகூட மிச்சம் இருக்காது. ஆனால் கிளம்புவது இரண்டு பேரும்தான். வெளிச்சம் கொண்டுவந்த தெம்பில் ஒரு பெரும்பங்கு அந்த வீட்டுக் கட்டை அறுக்கவே போய்விடும், மிஞ்சுகிற தெம்பு இரண்டு பேருக்கும் பங்காகும், அந்தப் பங்கைத் தீர்மானிக்க இந்த ஊரில் எவனாலும் முடிந்ததில்லை. கூட்டிப் பார்த்தால் மொத்தம் ஒன்றுதான். ஒருவருக்கு ஏறினால் மற்றவருக்கு இறங்கும். பட்டவருக்குத்தான் ஜாஸ்தி என்று முதலில் சொல்லிக்கொண்டிருந்தார்கள், பிறகு அதுவும் பொய்யாகிவிட்டது, யார்மேல் பட்டது என்று கேட்பதையே ஊர் விட்டுவிட்டது.

முதன்முதலில் இறங்கியது மாவு மில் வீட்டில். கோவில்பிள்ளை, தவசி என்று அண்ணன் தம்பி, நாளைக்கு இரண்டு தடவை நின்றுபோகிற ஒரே மிஷினோடு பதினாறு வருஷம் மல்லுக்கட்டியவர்கள். கண் கூசுகிற வெளிச்சம் அது. கோவில்பிள்ளை ஏழரை மணி பஸ்ஸை ஓட்டத்திலேயே முந்திக்கொண்டு செக்போஸ்ட்டைத் தாண்டினார், பிற்பாடு ஒரிசாவில் கட்டாக்கிலிருந்து ஒரு கார்டு போட்டார், கையெழுத்துக்கூட ஓடிக்கொண்டே போட்டதுபோல்தான் இருந்தது. தவசி முதல் பர்லாங் கல் வரைக்கும் வந்து உட்கார்ந்தவர்தான். வீட்டுக்குத் திரும்பலாமே என்றால் வீடு அவரை இழுக்கவில்லை, போகலாமே என்றால் கால் வரவில்லை. பஞ்சாயத்து அவருக்கு ஒரு பெஞ்சும் தண்ணீர்க் குழாயும் போட்டுக் கொடுத்தது. அதற்கப்புறம் ஊரில் யாரையாவது சபிப்பதென்றால் ‘கல்லுல உக்காந்துருவ’ என்று சபிக்க ஆரம்பித்தார்கள்.

அடுத்தது ஒரு மாமியாரும் மருமகளும், எந்நேரமும் கத்துகிற ஒரே ஆம்பளைக்குச் சோறாக்கிப் போட்டவர்கள். அந்த வெளிச்சம் மங்கல், சாம்பல் பூத்த கங்கு மாதிரி. கட்டறுத்தது போக மிச்சம் கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சத்தைச் சரிபாதியாக எடுத்துக்கொண்டு மாமியார் அணைக்கட்டு ரோட்டிலும் மருமகள் தண்டவாளத்து ஓரமாகவும் போனார்கள். சரிபாதி கிடைத்தவர்கள் ஒரே ரோட்டில் போனதில்லை, நேர் எதிர் ரோட்டிலும் போனதில்லை என்பதையும் ஊர் இப்படித்தான் போகப்போகத் தெரிந்துகொண்டது.

இதற்கெல்லாம் விளக்கம் சொன்னது அன்னபாக்கியம் டீச்சர். பெண்கள் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் எடுப்பவர், ரேஷன் கடை வரிசையில் சர்க்கரைக்கு நின்றுகொண்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி சொன்னார்: “இதுல அதிசயம் ஒண்ணும் இல்லம்மா. ஹீலியம்னு ஒரு அணு. நடுவுல ஒரு கரு, அதைக் கட்டிக்கிட்டு ரெண்டே ரெண்டு எலக்ட்ரான். ஒரே ஒரு ஒளித்துகள் வந்து விழும். ரெண்டும் வெளிய போயிரும். கட்டை அறுக்கப் போனது போக மிச்ச சக்தியை ரெண்டும் பங்கு போட்டுக்கும். லேசான ஒளின்னா எப்படி வேணா பங்கு பிரியும், பாதிப் பாதியும் வரலாம், முக்கால் காலும் வரலாம். பலமான ஒளின்னா ஒண்ணு அத்தனையும் அள்ளிக்கிட்டு ஓடிரும், இன்னொண்ணு சும்மா ஊர்ந்துக்கிட்டு வெளிய வரும்.”

“ஏன் டீச்சர் அப்படி?”

“பலமா வாங்கின ஒண்ணு வெடுக்குனு போயிரும்லா, அது போன வேகத்துல வீடே மாறிப்போவுது, இருந்தது நிக்க முடியாம உதறி விழுந்துருது. அதுக்குத் தெம்பு எங்கேருந்து வரும்? போற வழியில ஒண்ணு இன்னொண்ணை முட்டுச்சுன்னா மட்டும் கொஞ்சம் கைமாறும்.”

வரிசையில் நின்ற பெண்கள் ஆளுக்கொரு பையைப் பிடித்தபடி இதைக் கேட்டுவிட்டு, ‘அட பாவமே, அதுகளுக்கும் இதே பாடுதானா’ என்று உச்சுக்கொட்டினார்கள். அந்த வாரம் அம்மன் கோயிலில் யாரோ எலக்ட்ரான்களுக்கும் சேர்த்து விளக்குப் போட்டார்கள்.

இந்த ஊரில், மில் காலனி மூன்றாம் தெருவில், முப்பிடாதி என்று ஒருத்தி இருந்தாள். முப்பத்தொன்பது வயது. அவளுக்கு ஒரு தங்கச்சி, செல்லக்கனி, முப்பத்துநாலு. இரண்டு பேருக்கும் மூத்தவன் ஆவுடையப்பன், பதினோரு வருஷத்துக்கு முன்னால் லாரியிலிருந்து பஞ்சு மூட்டை இறக்கும்போது மூட்டையோடு சேர்ந்து விழுந்து, அன்றையிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கட்டிலில் கிடக்கிறான். நல்ல ஆகிருதியான ஆள். அவனைப் புரட்டிப் போடுவதற்கு இரண்டு கையும் ஒரு முழங்காலும் வேண்டும். மில்லில் இரக்கப்பட்டு இரண்டு பெண்களுக்கும் வேலை போட்டுக் கொடுத்தார்கள், ஆளுக்கொரு ஷிப்டாக வாங்கிக்கொண்டார்கள்: செல்லக்கனிக்கு காலை ஆறிலிருந்து இரண்டு, முப்பிடாதிக்கு இரண்டிலிருந்து ராத்திரி பத்து. வீட்டுக்கு ஒரே சாவி. ஒன்றே முக்காலுக்கு அண்ணனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு முப்பிடாதி மெயின் ரோடு வழியாக மில் கேட்டுக்கு வருவாள், சங்கு ஊதியதும் செல்லக்கனி வெளியே வருவாள், சாவி கைமாறும், அக்கா உள்ளே போவாள், தங்கச்சி குறுக்கு வழி என்று வாய்க்கால் சந்தில் இறங்கி வீட்டைப் பார்த்து ஓடுவாள். பதினோரு வருஷமாக அக்காளும் தங்கச்சியும் வெயிலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது இந்தச் சாவி கைமாறுகிற நேரத்தில்தான். வீட்டில் சேர்ந்திருக்கிற நேரத்தில் யாராவது ஒருத்தி தூங்கிக்கொண்டிருப்பாள்.

களைப்பு என்று சொன்னால் போதாது. முப்பிடாதிக்குச் சில சமயம் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தாலே அழுகை வரும், சும்மா உட்கார்ந்திருக்கிறார்களே என்று. அவளுக்கு எங்கேயும் போக வேண்டும் என்ற ஆசையெல்லாம் எப்போதோ வற்றிப்போயிருந்தது. செல்லக்கனி அப்படியில்லை. வார லீவில் மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஸ்டாண்டில் போய் நின்று ஒவ்வொரு பஸ்ஸின் போர்டையும் வாய்விட்டுப் படித்துவிட்டு வருவாள் என்று முப்பிடாதிக்குத் தெரியும், பூக்காரி சொல்லியிருக்கிறாள். சேலம், ஓசூர், பெங்களூர், வேளாங்கண்ணி. ஒன்றிலும் ஏறியதில்லை.

அந்த ஆவணியில் கணவாயில் வெளிச்சம் தெரிந்தபோது ஊரே கண்ணை இடுக்கிக்கொண்டது. அப்படி ஒரு பிரகாசத்தை யாரும் அதுவரைக்கும் பார்த்ததில்லை, பார்த்துவிட்டு உள்ளே வந்தால் அடுப்பு எங்கே இருக்கிறது என்று தடவ வேண்டியிருந்தது. இரண்டு பேர் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிற வீடு ஊரில் மிச்சமிருந்தது ஒன்றுதான், ஆகவே எந்த வீட்டுக்கு என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. எதிர்வீட்டு முத்துலட்சுமி மயினி ஒரு நோட்டோடு வந்தாள். வெளிச்சம் பட்ட வீட்டில் தனியாக விடப்படுகிறவருக்கு நாளுக்கு ஒரு வீடாகச் சோறும் தண்ணியும் கொடுப்பது என்று ஊரில் ஒரு முறை ஏற்பட்டிருந்தது, தண்ணி முறை என்பார்கள், மாவு மில் மிஷினுக்குக்கூட முறை வைத்து எண்ணெய் விட்டார்கள், மூன்று மாதத்துக்கு அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

“முதல் நாள் நான் எடுத்துக்கிடுதேன் முப்பிடாதி. ரெண்டாவது நாள் கம்பவுண்டர் வீடு. புரட்டிப் போட ரெண்டு ஆம்பளையாளு சொல்லியாச்சு. உங்க அண்ணன் காப்பிக்குச் சீனி எத்தனை போடுவாவ?”

“ரெண்டு” என்றாள் முப்பிடாதி. இத்தனை வருஷம் தான் இல்லாவிட்டால் அண்ணன் என்ன ஆவான் என்று பயந்து பயந்து செத்தது ஒரு கோடு போட்ட நோட்டில் இரண்டு நிமிஷத்தில் முடிந்துபோனதைப் பார்க்க அவளுக்குக் கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது.

ஆவுடையப்பன் கட்டிலில் கிடந்தபடி கேலி பேசினான். “மயினி, உங்க காப்பிய நம்பித்தான் தங்கச்சிகளை அனுப்புதேன். தண்ணியா இருந்துச்சு, வெளிச்சத்தைத் திருப்பி வரச் சொல்லிருவேன்.” மயினி போன பிறகு அவன் ரொம்ப நேரம் கூரை ஓடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். முப்பிடாதி அவன் முதுகைத் துடைத்துவிட்டுப் பவுடர் போட்டாள்.

பேச்செல்லாம் மில் கேட்டில்தான் நடந்தது. அக்காளும் தங்கச்சியும் தங்கள் வாழ்க்கையின் பெரிய பேச்சை மூன்று மத்தியானத்தில், சாவி கைமாறுகிற நேரத்துக்குள் பேசி முடித்தார்கள்.

முதல் மத்தியானம் செல்லக்கனி, “பார்த்தியாக்கா?” என்றாள்.

“பார்த்தேன்.”

“ரொம்பப் பெருசு.”

“ஆமா. ஒருத்திக்குத்தான்.”

இரண்டாம் மத்தியானம் செல்லக்கனி சாவியை வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். “நீயே எல்லாத்தையும் எடுத்துக்கக்கா. நீ மூத்தவ. நான் கல்லுல உக்காந்துகிடுதேன், எனக்குப் பேச்சுத்துணைக்கு தவசி அண்ணாச்சி இருக்காவ.”

“செருப்பு பிஞ்சிரும் கழுதை” என்றாள் முப்பிடாதி. “எடுக்கதும் கொடுக்கதும் நம்ம கையிலயா இருக்கு? சாவியப் பிடி, அண்ணன் ஒண்ணே முக்கால்ல இருந்து நனைஞ்சு கெடக்கு.”

அன்றைக்கு முழுக்க ஸ்பின்னிங்கில் நூல் முடிந்துகொண்டே முப்பிடாதி ஒன்றை யோசித்தாள், யோசிக்க யோசிக்க அவளுக்கு உடம்பு சுட்டது. அவள் நினைத்தது இதுதான்: அத்தனையும் எனக்கே வரட்டும். செல்லக்கனி கல்லில் உட்கார்ந்தாலும் பரவாயில்லை, தவசிக்குக் கிடைக்கிற சோறு அவளுக்கும் கிடைக்கும், எனக்கு ஒரே ஒரு தடவை இந்த இடுப்பு வலி இல்லாமல் ஒரு நாள் வேண்டும். நினைத்துவிட்டு, ‘சீ, நான் என்ன பொம்பளை’ என்று தன்னைத்தானே திட்டினாள். திட்டிய பிறகும் ஆசை போகவில்லை.

அதனால்தானோ என்னவோ மூன்றாம் மத்தியானம் அவள்தான் முந்திக்கொண்டு பேசினாள். “கேளுட்டி. டீச்சர் சொன்னாவல்லா, முட்டினாத்தான் கைமாறும்னு. நான் வீட்டுல இருக்கும்போது வந்துச்சுன்னா நேரா கேட்டுக்கு ஓடியாரேன். நீ கேட்டை விட்டு அசையக்கூடாது. நான் வந்து உன்னை முட்டுதேன். கொஞ்சமாவது உனக்கு வரும். நீ வீட்டுல இருந்தா நீ ஓடியா, நான் கேட்டுல நிக்கேன்.”

“சரிக்கா.”

“அசையக்கூடாது, கேட்டியா?”

“அசைய மாட்டேங்கேன்லா” என்றாள் செல்லக்கனி, சாவியைப் பிடுங்கிக்கொண்டு வழக்கம்போல வாய்க்கால் சந்துக்குள் ஓடினாள். டைம் ஆபீஸில் நீட்டிய படிவத்தில் அன்றைக்கே இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ‘வெளியேறும் காரணம்’ என்ற இடத்தில் ‘வெளிச்சம்’ என்று அச்சடித்தே இருந்தது.

நாலாம் நாள் காலை பதினொரு மணிக்கு அது வந்தது. முப்பிடாதி அண்ணனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள், முழங்கை வரைக்கும் சோப்பு. வெளிச்சம் வாசலில் செருப்பு கிடக்கிற இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டு, விருந்தாளி மாதிரி உள்ளே வந்தது. முதலில் பார்த்தது ஆவுடையப்பன்தான்.

“வந்துட்டு பாரு” என்றான். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். “ஒரு மடக்கு தண்ணி குடிச்சிட்டுப் போட்டி. எனக்கில்ல, உனக்கு. வெறும் வயித்தோட ஓடாத.”

அவள் செம்பைக் கையில் எடுத்தாள், அதற்குள் வெளிச்சம் அவள் முழங்கையில் பட்டு முழுசும் உள்ளே போய்விட்டது.

முதலில் வந்தது தெம்பு இல்லை, அறுபடுகிற வலி. பதினோரு வருஷத்துக் கட்டு லேசில் அறுமா? அண்ணன் இருமினால் விழித்துக்கொள்கிற காது அறுந்தது. ஒன்றே முக்கால் என்றால் பதறுகிற வயிறு அறுந்தது. அவன் சின்ன வயசில் தன்னை சைக்கிள் பாரில் உட்காரவைத்துத் திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போன ஞாபகம் கடைசி வரைக்கும் விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டு நின்றது, அதை அறுக்கத்தான் வெளிச்சத்துக்கு ஏகப்பட்ட தெம்பும் அரை மணி நேரமும் செலவானது. அதுவும் அறுந்தபோது முப்பிடாதி ‘அம்மா’ என்று கத்திவிட்டாள். பிறகு கட்டிலைப் பார்த்தாள். அங்கே நனைந்த உடம்போடு ஒரு மனுஷன் படுத்திருந்தான், நல்ல மனுஷன், அவனுக்குத் துண்டு வேண்டும் என்று தெரிந்தது, ஆனால் அந்தத் துண்டை எடுத்துக் கொடுக்க வேண்டியது தான்தான் என்று தோன்றவில்லை. எதிர்வீட்டு வாசலில் முத்துலட்சுமி மயினி துண்டோடு தயாராக நின்றிருந்தாள்.

அப்புறம்தான் மிச்சம் வந்தது. அடேயப்பா! முழங்காலில் இருந்த கல் கரைந்தது, இடுப்பு நிமிர்ந்தது, கண்ணுக்குப் பின்னால் எப்போதும் தொங்குகிற அந்தக் கனம் இல்லை. முப்பிடாதி தெருவில் இறங்கி ஓடினாள். தெருவில் இருந்தவர்கள் முறைப்படி ஒதுங்கி வழிவிட்டு, முறைப்படி “பார்த்துப் போ தாயி” என்றார்கள், பெண்கள் பிள்ளைகளைத் தோளில் பிடித்து நிறுத்திக்கொண்டார்கள். மெயின் ரோட்டில் அவள் ஓடிய ஓட்டத்தில் காய்கறி வண்டியின் படுதா படபடத்தது.

மில் கேட்டில் வாட்ச்மேன் சேர்மத்துரை மட்டும் நின்றார்.

“அண்ணாச்சி, கனி எங்கே?”

“அவ வந்து போயாச்சே. காலை இழுத்து இழுத்து வந்தா, முகமெல்லாம் வெளிறிப்போய். நான் கதவைத் திறந்தேன். வாய்க்கால் சந்துல எறங்கிட்டா.”

“கேட்டுலயே நில்லுன்னு சொல்லியிருந்தேனே!”

“அது எப்படித் தாயி நிப்பா?” என்றார் சேர்மத்துரை. “பதினோரு வருஷமா பார்க்கேன். வெளிய வந்தா அந்தக் கால் சந்துப் பக்கம்தான் திரும்பும். இன்னைக்குச் சாவி இல்லங்கறதுகூட அவளுக்குத் தெரிஞ்ச மாதிரி இல்ல.”

ஆக, முட்டவில்லை. அத்தனையும் இவளுக்கே வந்துவிட்டது. முப்பிடாதி கேட்டில் நின்றாள், அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை, தொண்டை வரைக்கும் சந்தோஷமாக இருந்தது. சொன்னபடி ஓடிவந்தாயிற்று, அவள் நிற்கவில்லை, நான் என்ன செய்ய? கால் தானாகவே கிழக்கு ரோட்டில் திரும்பியது. இருபது எட்டு வைத்தாள், ஒவ்வொரு எட்டும் பத்து எட்டுக்குச் சமம். பக்கத்தில் ஒரு பஸ் அவளை முந்த முடியாமல் முக்கிக்கொண்டு வந்தது. அவள் திரும்பி அதன் நெற்றியைப் பார்த்தாள். என்ன ஊரோ எழுதியிருந்தது, படித்தாள், படித்ததும் மறந்துபோனது. எந்த ஊராக இருந்தால் என்ன என்றிருந்தது அவளுக்கு. இவ்வளவு தெம்பை வைத்துக்கொண்டு போவதற்கு ஓர் இடம்கூடத் தன்னிடம் இல்லை, போர்டு போர்டாகப் படித்து வைத்திருந்தவள் ஊர்ந்துகொண்டு கிடக்கிறாள் என்று நினைத்தபோது அவளுக்கு முதல்முறையாகத் தங்கச்சிமேல் பரிதாபம் வரவில்லை, பாசம் வந்தது. அக்காளாக இருந்த கட்டெல்லாம் அறுந்த பிறகும் வந்த பாசம் அது.

முப்பிடாதி திரும்பினாள். வெளிச்சம் பட்டவர்கள் யாரும் அதுவரைக்கும் திரும்பியதில்லை. மெயின் ரோட்டில் இருந்தவர்களுக்கு எதிரே ஓடிவருகிறவளிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை, அதற்கு ஊரில் முறை ஒன்றும் ஏற்பட்டிருக்கவில்லை, ‘பார்த்து வா’ என்று சொல்லலாமா என்று வாயெடுத்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

வாய்க்கால் சந்தில், அவர்கள் வீட்டுக்குப் பின்பக்கம், துணி துவைக்கிற படித்துறையில் செல்லக்கனி சரிந்து உட்கார்ந்திருந்தாள். இருபது முழம் நடந்தால் வீடு, அந்த இருபது முழத்தை அவளால் நடக்க முடியவில்லை, நடக்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

“எனக்கு ஒண்ணுமே வரலக்கா” என்றாள். “கை தூக்கக்கூட வரல. நீ ஏன் திரும்பி வந்தே? போய்த் தொலையேன்.”

“எந்திரிட்டி.”

“முடியல.”

“எந்திரிக்காண்டாம், அப்படியே இரி.” முப்பிடாதி நாலு எட்டு பின்னால் போனாள். சின்ன வயசில் தட்டாங்கல்லுக்குச் சண்டை போடும்போது முட்டியதுபோல, தலையைக் குனிந்துகொண்டு ஓடிவந்து, தங்கச்சியின் தோளில் தன் தோளால் மோதினாள். எலும்பும் எலும்பும் இடித்துக்கொண்ட சத்தம் கேட்டது.

பாதியாவது கைமாறும் என்றுதான் நினைத்தாள். ஆனால் பலமான வெளிச்சத்தின் குணம் போகுமா? அத்தனையும் போனது. அவள் உடம்பிலிருந்து வழித்தெடுத்துக்கொண்டு போனது, ஒரு பொட்டு விடாமல். செல்லக்கனி எழுந்து நின்றாள். முகத்தில் ரத்தம் ஓடியது, கால் அவளைக் கேட்காமலே படியேறியது.

“அக்கா, எல்லாம் வந்துட்டுக்கா! நீ கொஞ்சம் எடுத்துக்க, திரும்ப முட்டு, ஏ அக்கா...”

“போட்டி” என்றாள் முப்பிடாதி. “நல்ல போர்டாப் பார்த்து ஏறு.”

செல்லக்கனி அழுதுகொண்டே ஓடினாள், அழுகை ஓட்டத்தைத் தடுக்கவில்லை. வாய்க்கால் கரையோடு வடக்கே போனாள், ஐந்து நிமிஷத்தில் உருவம் போனது, இன்னும் கொஞ்ச நேரத்துக்கு ‘அக்கா’ என்ற சத்தம் மட்டும் வந்தது, பிறகு அதுவும் இல்லை. இனி அவளைப் பார்க்கப்போவதில்லை என்று முப்பிடாதிக்குத் தெரியும். மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்தபோது எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை, சரி என்று விட்டுவிட்டாள்.

வீட்டுக்குள்ளிருந்து ஆவுடையப்பனின் குரல் கேட்டது. “யாரு இருக்கா? கொஞ்சம் தண்ணி.” அந்தக் குரல் முடிவதற்கு முன்னால் எழுந்து நின்றிருப்பாள் பதினோரு வருஷமாக. இப்போது அவள் உடம்பு அசையவில்லை. யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்றுதான் இருந்தது. “இந்தா வாரேன் தம்பி” என்றாள் முத்துலட்சுமி மயினி, செம்பில் தண்ணி மோந்த சத்தம் வந்தது, அவன் குடித்துவிட்டு என்னவோ கேலியாகச் சொல்ல, அவள் சிரித்தாள்.

முப்பிடாதி வாய்க்கால் தண்ணீரில் கால்களை நீட்டிவைத்தாள். வீடு அவளை இழுக்கவில்லை. ரோடும் இழுக்கவில்லை. இரண்டு மணி சங்கு ஊதியது, சும்மா ஊதிவிட்டு நின்றது.

சங்கு ஊதின கையோடு துணி மூட்டையோடு வந்த இரண்டு பெண்கள் அவளைப் பார்த்துவிட்டு மூட்டையைக் கீழே போட்டார்கள். “அடப்பாவி மகளே, ஒண்ணுமே கிடைக்கலையா உனக்கு? தங்கச்சிக்காரி அத்தனையும் அள்ளிட்டுப் போயிட்டாளா?” என்று மாரில் அடித்துக்கொண்டார்கள். பஞ்சாயத்தில் சொல்லி இங்கேயும் ஒரு பெஞ்சு போட வேண்டும் என்று ஒருத்தி சொன்னாள். இன்னொருத்தி, வயசில் சின்னவள், ஓடிப்போய் தூக்குவாளியில் காப்பி வாங்கிவந்து டம்ளரில் ஊற்றி அவள் கையில் வைத்தாள்.

முப்பிடாதி வாயருகே கொண்டுபோனாள், உதடு சுட்டது. பதினோரு வருஷமாக அவள் காப்பியைச் சூடாகக் குடித்ததில்லை, ஒரு வாய் குடித்துவிட்டு வைத்தால் ஏதாவது ஒரு வேலை வந்துவிடும், திரும்பி வரும்போது ஆறி ஆடை படிந்திருக்கும்.

“ஊதி ஊதிக் குடிக்கா, அவசரமே இல்ல” என்றாள் அந்தச் சின்னவள்.

ஊதி ஊதி, அடிவரைக்கும் குடித்தாள்.